உப்புக் காற்றின் மேல் ஒரு வழக்கு

இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாறு மணி நேரம். ஆண்ட்ரூ தன் லாரி விளையாட்டில் வண்டி ஓட்டிய நேரம் அவ்வளவு. ஒன்றாகச் சேர்த்தால் நூற்றுப் பதின்மூன்று நாள். சோறு தண்ணீர் இல்லாமல், கண் மூடாமல், ஒன்றுக்குக்கூட இறங்காமல். இந்த வகுத்தலைப் போட்டது அவன் மனைவி ஜானட். அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். போட்ட கணக்கு சரியாக இருக்கும். அதை வெளியே சொல்லும் பழக்கம்தான் கிடையாது.

ஆண்ட்ரூவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. எட்டு மணி நேரம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, விசைக் கம்பைப் பிடித்து, கன்டெய்னரைத் தூக்கி லாரி மேல் வைக்க வேண்டும். அது உழைப்பு. பிறகு ராயபுரத்தில் கடலோரத்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, டீ குடித்து, விசைக் கம்பைப் பிடித்து, கன்டெய்னர் ஏற்றிய லாரியை ஓட்ட வேண்டும். அது ஓய்வு. எண்ணூர் சாலையில் நிஜ லாரிகள் ஒரு பாலத்தைக் கடக்க அரை நாள் நிற்கும். அவனுடைய லாரிகள் பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் ஹாரன்கூட அடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. எண்பத்து நான்கு லாரிகளுக்கு அவன் முதலாளி. வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்தான் உதைத்தால் கிளம்பாது.

ஈஸ்டர் அன்று அந்தக் கம்பெனி மூழ்கியது.

இதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து இணையத்தில் போட்டு வைக்கலாம் என்று ஜானட் ஒருமுறை சொன்னாள். "என் வண்டிய நான் இன்னாத்துக்கு அடுத்தவன் ஷெட்டுல நிறுத்தணும்?" என்று கேட்டான். கம்ப்யூட்டரும் அடுத்தவன் செய்ததல்ல. ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வந்து அவனே பூட்டியது. சூடாகிறது என்று மேல் மூடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பழைய ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கிய விசிறியை அந்த இடத்தில் கம்பியால் கட்டியிருந்தான். மூடி போட்டு விற்கிற கம்பெனிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்பது அவன் முடிவு.

ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா பூசையில் மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து அறைக்கு அறை தெளிப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்தப் பங்குக் கோயிலில் பழைய முறை இன்னும் போகவில்லை. மந்திரிக்கும் தண்ணீரில் உப்பும் சேர்ப்பார்கள். சேர்க்கிற கோயில் உபதேசியாருக்குத் தாராளமான கை.

ஈஸ்டர் காலையில் ஆண்ட்ரூ கறி வாங்கப் போயிருந்தான். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் மூத்த மகனோடு இருக்கும் மாமியார் இருதயம்மாள் போன் செய்தாள்.

"தீர்த்தம் தெளிச்சிட்டியா?"

"தெளிச்சிகினே கீறேன் அத்தை."

"அந்தப் பிசாசுப் பொட்டி மேலயும் ரெண்டு சொட்டு விடு. அப்பவாச்சும் எம்புள்ள நேரத்தோட சோறு துன்றானான்னு பாப்போம்."

ஆய்வகத்துப் புட்டி போல இருக்கட்டும் என்று ஜானட் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தாள். யோசனை நல்ல யோசனை. மூடியைச் சரியாகத் திருகியிருக்கலாம். ஒரு கையில் போன், மறு கையில் பாட்டில். சாய்த்ததும் முதலில் மூடி விழுந்தது, அதன் பின்னாலேயே அரை பாட்டில் தீர்த்தம். ஃபிரிட்ஜ் விசிறி ஒரு சொட்டையும் வீணாக்காமல் உள்ளே மூலை முடுக்கெல்லாம் தெளித்தது. பட் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கருகல் வாசனை.

"இன்னா சத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தை. தெளிச்சிட்டேன்."

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும் என்பதைப் போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு அவள் பல்பு எரியவைத்துக் காட்டியிருந்தாள்.

ஆண்ட்ரூ வந்தான், பொத்தானை அழுத்தினான், இன்னொரு முறை அழுத்தினான், கறிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா செத்தபோதுகூட நின்றுகொண்டுதான் இருந்தான். அந்த நேரத்தில் போய் 'நான்தான்' என்று சொல்ல ஜானட்டுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

நாளைக்குள் ஆண்ட்ரூ உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான். எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் பரப்பி, பல் தேய்க்கும் பிரஷும் பூதக்கண்ணாடியுமாக ஒரு பகல் முழுவதும் குனிந்திருந்தான். பலகை முழுக்க வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு," என்றான்.

ஜானட் தீர்த்த பாட்டிலை அலமாரிக்குள் தள்ளி மூடினாள்.

"கடக் காத்து, ஜானு. இந்தக் கடலு என் எம்பத்து நாலு வண்டியையும் துன்னுடுச்சு."

புளியந்தோப்பில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பன் ஃபவாஸ் வந்து பார்த்து அதற்கு முத்திரை குத்தினான். "காத்து உப்புதான் மாமு. பத்து வருசத்து உப்பு." அந்தக் கம்ப்யூட்டருக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்பது இரண்டு நிபுணர்களுக்கும் தோன்றவில்லை. விளையாட்டின் சேமிப்பு எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஃபவாஸ் தட்டித் தடவிப் பார்த்தான். "இதுவும் பூட்ச்சு. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துகினு போய் அடக்கம் பண்ணிடு."

கடலைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் தண்டனை வீட்டுக்குக் கிடைத்தது. ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டப்பட்டது. செருப்புக் கடைகளில் கெஞ்சி வாங்கிய, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள் அரிசிப் பானை வரை போடப்பட்டன. ஈரத் துணி உள்ளே வரக்கூடாது. தலைக்குக் குளித்தால் மொட்டை மாடியில் காய்ந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் அலற ஒரு கருவியும் செய்து சமையலறைக்கு மேலே மாட்டினான். சோறு கொதிக்கும்போதெல்லாம் அது அலறியது. மே மாதம். ஜானட் வியர்த்தாள், அவள் வியர்த்ததற்கும் ஒருமுறை அலறியது.

இதுவரை சரி. செய்த தப்புக்குத் தண்டனை என்று அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாலாவது வாரம் ஆண்ட்ரூ மாதவரத்தில் வீடு பார்த்துவிட்டு வந்தான்.

"கடல்லேந்து பத்து கிலோமீட்டர். அளந்துட்டேன்."

"என் ஸ்கூல்?" என்றாள் ஜானட்.

"அங்க ஸ்கூலா இல்ல?"

அவள் பள்ளிக்கூடம் இங்கிருந்து ஏழு நிமிட நடை. அந்த ஆசிரியர் அறையில் இன்னொருவர் பேச்சுக்கு நடுவே வாய் திறக்க அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது. இன்னொரு பள்ளிக்கூடத்தில், இன்னொரு அறையில், முதலிலிருந்து 'வணக்கம்' என்று ஆரம்பிப்பதை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. மாதவரத்தில் இருந்துகொண்டே இங்கே வருவதென்றால் இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு பஸ், கணக்கில்லாத லாரி.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் கணவரிடமும் சொல்லிவிடுங்கள் என்றார் சாமியார். முதல் பாதியை உடனே முடித்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஆண்ட்ரூ வீட்டில் போக்கர் ஆட்டம் இருக்கும். காசு வைப்பதில்லை. பழைய கீபோர்டுகளிலிருந்து பிடுங்கிய பொத்தான்கள்தான் பந்தயம். எழுத்துக்கு ஒன்று, எண்ணுக்கு ஐந்து, என்டருக்கு ஐம்பது. நீளமான ஸ்பேஸ் பார் ஆளுக்கு ஒன்றுதான். அதை வைத்தால் இருப்பதையெல்லாம் வைத்ததாக அர்த்தம். மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலே ஜெயித்தவர்.

போக்கர் சீட்டில் இல்லை, மூஞ்சியில் இருக்கிறது என்பது ஆண்ட்ரூவின் வேதம். அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தான். ஜானட்டின் அண்ணன் பாஸ்கல்: நல்ல சீட்டு வந்தால் மூக்கைச் சொறிவார். ஃபவாஸ்: நல்ல சீட்டு வந்தால் டீ குடிப்பதை நிறுத்துவான். ஜானட் என்று தலைப்பிட்ட பக்கம் காலியாக இருந்தது. அவள் முகத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் குறிப்பு தேவைப்படவில்லையாம்.

அன்றைக்கு வழக்கமான நான்காவது ஆளான சாவியோ, ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டதால் ஜானட்டை உட்கார வைத்தார்கள். எதிரே ஃபவாஸ், பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் பாஸ்கல்.

"நாலு மணிக்கு மாதவரம் வூட்டுக்காரர் போன் பண்றாரு. சரின்னு சொல்லிடப் போறேன்," என்றான் ஆண்ட்ரூ, சீட்டைக் கலைத்தபடி.

"மாதவரத்துல இன்னா மாப்ள கீது? லாரியும் பால் பண்ணையும்," என்றார் பாஸ்கல்.

"கடல் இல்ல மச்சான். அது போதும்."

"கொசு கீதே."

"கொசு மதர்போர்டத் துன்னாது."

"நான் ஜெயிச்சா மாதவரம் வேணாம்," என்றாள் ஜானட்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அந்த மேசையில் அவள் இதுவரை பேசிய நீளமான வாக்கியம் 'டீ போதுமா' என்பதுதான்.

"அண்ணி பேசுது, மாமு! ஒத்துக்க, ஒத்துக்க," என்றான் ஃபவாஸ்.

ஆண்ட்ரூ சிரித்தான். "சரி. இந்த ஒரு ஆட்டம். நீ ஜெயிச்சா போவல. ஆனா ஜானு, உனுக்கு இருக்கறது மூஞ்சி இல்ல, நோட்டீஸ் போர்டு. அத்த மறந்துடாத."

ஆளுக்கு இரண்டு சீட்டு. ஜானட் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இஸ்பேட் ஏழு, ஆட்டின் இரண்டு. போக்கரில் இதைவிடக் கேவலமான கை கிடையாது என்று ஆண்ட்ரூவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விழுந்தது: ராஜா, ஒன்பது, நான்கு, ராணி, இன்னொரு ஒன்பது. அவளுக்கு எதுவும் சேரவில்லை. ஃபவாஸ் டீயைக் குடித்தபடியே சீட்டைப் போட்டுவிட்டான். பாஸ்கல் மூக்குப் பக்கம் கையைக் கொண்டுபோகாமலே கவிழ்த்தார். நோட்டு பொய் சொல்லவில்லை.

ஆண்ட்ரூவிடம் ஒரு ராஜாவும் ஒரு ராணியும் இருந்தன. மெதுவாக ஒரு என்டரை நகர்த்தி வைத்தான்.

ஜானட் ஸ்பேஸ் பாரை வைத்தாள்.

வைத்த பிறகுதான் கணக்குப் போட்டாள். தோற்றால் நாலு மணிக்குப் போன், அடுத்த வாரம் பெட்டி கட்டல், ஆடி பிறக்கும் முன் புதுப் பள்ளிக்கூடம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூலையைப் பார்த்தாள். அங்கே பாயில் கம்ப்யூட்டரின் பாகங்கள் இன்னமும் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன.

ஆண்ட்ரூ முன்னால் சாய்ந்தான். சிரிப்பு போயிருந்தது.

"காது செவந்துகீது. மூச்ச அடக்குற. கண்ணு எங்கயோ ஓடுது." அவன் குரல் தணிந்தது. "நீ எத்தையோ மறைக்கிற, ஜானு."

அவள் ஸ்பேஸ் பாரை நேராக்கி வைத்தாள்.

"சின்னதா இல்ல. பெருசா எத்தையோ மறைக்கிற."

அவன் வாழ்நாளில் படித்த முகங்களிலேயே பிசகில்லாமல் படித்தது இந்த ஒன்றைத்தான்.

"ஒம்போது கீது உங்கிட்ட. மூணு ஒம்போது, என் ரெண்டு ஜோடி அதுகிட்ட நிக்காது." ராஜாவையும் ராணியையும் கவிழ்த்துப் போட்டான். "என்ன ஏமாத்த முடியாது. எடுத்துக்கோ."

"மாதவரம் காலி!" என்று பாஸ்கல் மேசையில் தட்டினார். பொத்தான்கள் குதித்தன. ஜானட் அவற்றைக் கையால் அணைத்துத் தன் பக்கம் இழுத்தாள். ஏழு நிமிட நடை அவளுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. இதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கடலும் எத்தனையோ பழியைப் பார்த்தாயிற்று. இன்னொன்றைச் சுமந்துகொண்டு போகும்.

"பரவால்ல, வாக்கு வாக்குதான்," என்றான் ஆண்ட்ரூ. "இங்கயே இருப்போம். ஆனா கடல் பக்கத்து ஜன்னல எடுத்துட்டு செங்கல் வெச்சு அடச்சிடப் போறேன். நாளைக்கே கொத்தனார் வர்றாரு."

வீட்டுக்குக் காற்று வர இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான்.

"அந்த மூணாவது ஒம்போதக் காட்டு, பாப்போம்." அவள் கையை எடுக்குமுன் அவனே சீட்டைப் புரட்டினான்.

ஏழு. இரண்டு.

அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். நோட்டை எடுத்து அந்தக் காலிப் பக்கத்தைத் திறந்தான். எழுத ஒன்றும் அகப்படவில்லை.

"ஒண்ணுமே இல்லியே," என்றான். "அப்ப இன்னாத்த மறைச்ச?"

ஃபவாஸ் டீ குடிப்பதை நிறுத்தினான். பாஸ்கல் மூக்கைச் சொறிந்தார். சமையலறையில் சோறு கொதித்து, மேலே இருந்த கருவி அலற ஆரம்பித்தது. அது அலறி ஓயும்வரை ஜானட் காத்திருந்தாள்.

"தீர்த்தம்," என்றாள். "கடக் காத்து இல்லங்க. ஈஸ்டர் தீர்த்தம், அரை பாட்டில். நான்தான் ஊத்தினேன்."