அத்தான் போட்ட டில்டே

அக்காவின் கணவரே தனக்கு டீம் லீடராக வந்து வாய்த்ததைச் சின்னவள் தலையெழுத்து என்றுதான் சொல்வாள். அத்தானுக்கு வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். புரோகிராம் எழுதச் சொன்னால் மட்டும் கை முடங்கிவிடும்.

பஸ் டிப்போவுக்காக அவர்கள் எழுதிய புரோகிராம், டிரைவர் பெயர் பதியாத ஒரு பஸ்ஸைக் கண்டதும் படுத்துக்கொண்டது. 'பெயர் இருக்கிறது' என்ற வடிவத்துக்கு மட்டுமே அத்தான் வரி எழுதியிருந்தார். பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் எங்கேயோ படித்த ஞாபகத்தில் அந்த வடிவத்துக்கு முன்னால் டில்டே என்ற அலைக்குறி (~) ஒன்றைத் தட்டினார். புரோகிராம் ஓடியது.

"பாத்தியா? ஒரே ஒரு குறி!"

"அது எதையும் சரி பண்ணல அத்தான். 'பொருந்தும்னு நம்பிக்கோ, தேவைப்பட்டா பாத்துக்கலாம்'னு சொல்லுது, அவ்வளவுதான். இந்த புரோகிராம் மொழி கேட்டாத்தான் கணக்கே போடும். யாராவது பேரக் கேக்கட்டும், சாயம் வெளுத்துடும்."

"ஓடுதா இல்லையா? அதச் சொல்லு."

இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம் என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

டிப்போ மேலாளர் வந்த அன்று திரையில் பஸ் எண்கள் அழகாக வரிசைகட்டின. அத்தான் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மேலாளர், "இதுக்கு யாரு டிரைவர்?" என்றபடி பெயர் பதியாத அந்த பஸ்ஸையே தொட்டார். புரோகிராம் அங்கேயே மண்ணைக் கவ்வியது.

"நெட்வொர்க் சரியில்ல சார்," என்றார் அத்தான், கொஞ்சமும் கூசாமல்.

சாயங்காலம் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "அவர் மூஞ்சியே தொங்கிப்போச்சுடி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்க்கா. காதுல போட்டுக்கிட்டாத்தானே!"

மறுநாள் அத்தான் டில்டேவை எடுத்துவிட்டு, கண்ட இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறியை வாரி இறைத்திருந்தார். "இனிமே எதையும் அப்புறம்னு தள்ளாது. எல்லாத்தையும் மொதல்லயே பாத்துடும்!"

பார்த்தது. பெயரில்லாத பஸ்ஸையும் முதலிலேயே பார்த்து, ஒரு எண்ணைக்கூடக் காட்டாமல் விழுந்தது. சின்னவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

"நகருங்க அத்தான்."

பெயர் இல்லாத வடிவத்துக்கும் ஒரு வரி எழுதி, 'டிரைவர் போடவில்லை' என்று காட்டச் செய்தாள். எந்த பஸ்ஸைத் தொட்டாலும் புரோகிராம் விழாமல் ஓடியது.

"இதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்ற அத்தான், அந்தச் சூட்டோடு மேலாளருக்குப் போன் போட்டார். "நானே உக்காந்து சரி பண்ணிட்டேன் சார்."

சின்னவள் நேராகத் தங்கள் ஆபீஸ் மேனேஜர் அறைக்குப் போய் வேறு டீம் கேட்டாள்.

"ஏன்மா, வேலை பிடிக்கலையா?"

"வேலை பிடிச்சிருக்கு மேடம். இது குடும்ப விஷயம்."