மறுப்புக் கடிதத்தின் மூன்றாம் பத்தி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வேலையை விட முடியாமல் தவித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஒரு கம்பெனியில் கடிதப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். ஜன்னல் இல்லாத அறை. மூன்று பக்கம் அலமாரி, நாலாவது பக்கம் மேனேஜரின் கண்ணாடிக் கதவு. கணவன் வெளியூரில் கடை போட்டிருந்தான். அவளுக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆனால் இங்கே விடுவித்த கடிதம் கையில் இல்லாமல் அங்கே சேர முடியாது.

ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். மேனேஜரோ தான் வகுத்த முறையில் இல்லாத கடிதத்தைப் படிக்கவே மாட்டார்.

"பொருள்னு ஒரு வரி எங்கம்மா?" என்று திருப்பினார். எழுதினாள்.

"பெறுநர் முகவரி ஏன் நடுவுல நிக்குது?" இடது ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"பிரிவுத் தலைவர் பரிந்துரை இல்லாம எப்படி?" தலைவரும் அவளேதான். தன்னை விடுவிக்கும்படி தானே பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டாள்.

மதியம் கணவன் போனில், "என்ன, லெட்டர் பாஸா, மறுபடி ஃபெயிலா?" என்றான்.

"உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு இங்க மூச்சு முட்டுது."

"பேசாம வந்து நம்ம கடையில உக்காரு. நீதான் முதலாளி."

"அப்புறம் உங்களை யாரு காப்பாத்துறது?"

சாப்பிட்டு வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "பரிசீலிச்சாச்சும்மா. இயலாதுன்னு ஒரு பதில் அடிச்சு எடுத்துட்டு வா."

தனக்கு வரும் மறுப்பைத் தானே அடிக்க உட்கார்ந்தாள். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்.' 'ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' கை தன்பாட்டுக்கு ஓடியது. மூன்றாம் பத்தியில் நின்றது. மறுப்பென்றால் அங்கே காரணம் வர வேண்டும், நகல் தலைமை அலுவலகம் போக வேண்டும். இரண்டும் மேனேஜர் போட்ட சட்டம்.

"காரணம் என்னன்னு போடட்டும், சார்?"

"என்னன்னா? நீ போயிட்டா எனக்கு லெட்டர் எழுத யாரும்மா இருக்கா?"

சூது தெரியாதவள். அதையே அடித்தாள்: 'தாங்கள் சென்றுவிட்டால் எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை.' கீழே, 'நகல்: தலைமை அலுவலகம்.'

மேனேஜர் பேனாவைத் திறந்தார். திறந்தபடியே பிடித்திருந்தார். அவர் கடிதங்களைப் புகழ்ந்து தலைமை அலுவலகம் எத்தனையோ முறை எழுதியிருக்கிறது. எழுதுவது அவர்தான் என்று அங்கே நம்பிக்கை.

"அந்தக் காரணத்தை எடுத்துடேன்."

"எடுத்தா முறை தப்பாயிடுமே, சார்." உண்மையான கவலையோடுதான் சொன்னாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"வேற அடிம்மா," என்றார் மெல்ல. "ஏத்துக்கிட்டோம்னு. அதுக்குக் காரணம் வேணாம்."

அவர் மனம் மாறுவதற்குள் அவசரமாக அடித்தாள். பெறுநர் முகவரி நடுவில் போய் நின்றது. அவர் பார்த்தார். அப்படியே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு முட்டாமல் இருக்கட்டும், கண்ணுகளா. போகிறவர்களுக்குக் கதவும், வருகிறவர்களுக்கு உட்கார இடமும் என்றைக்கும் இருக்கட்டும்.