நாற்பத்தேழும் நாற்பத்தொன்பதும்

செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் மணிமொழி ஒன்பது வருஷமாக அறைகளைச் சுத்தம் செய்துவந்தாள். பத்தாம் தேதி பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் நெரிந்த மதியத்தில், கூட வேலை பார்த்த சரோஜா மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மணிமொழி யாரிடமும் சொல்லாமல் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அனுமதியில்லாமல் போனாள் என்று மேனேஜர் ராஜேந்திரன் அவளை வேலையைவிட்டே நீக்கிவிட்டார்.

அவள் சேர்ந்திருந்த தொழிலாளர் சங்கம் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று இரண்டு தரப்பினரும் சேர்ந்து ஒரு நடுவரை ஒத்துக்கொண்டார்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி இளஞ்செழியன். வேங்கிக்காலில் அவர் வீட்டு முன்னறையில்தான் விசாரணை.

"சொல்லிட்டுப் போனியாம்மா?"

"இல்லீங்க சார். அவ துடிச்சதைப் பாத்ததும் எதுவும் தோணல."

நடுவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று மணிமொழிக்குத் தோன்றியது.

அவர் ராஜேந்திரன் பக்கம் திரும்பினார். "இவங்ககிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

"முறைப்படி கேட்டோம் சார். பதினாலாம் தேதி நோட்டீஸ். எழுதிக் குடுத்தாங்க. படிச்சுப் பாத்து, பதினேழாம் தேதிதான் நீக்குனோம்."

இளஞ்செழியன் லாட்ஜின் கடிதப் பதிவேட்டைப் பிரித்தார். "நீக்குன கடிதம் நம்பர் நாப்பத்தேழு, பதினொண்ணாம் தேதி. விளக்கம் கேட்ட நோட்டீஸ் நாப்பத்தொம்பது. பௌர்ணமிக்கு மறுநாளே கடிதம் ரெடியா?"

ராஜேந்திரன் தண்ணீர் கேட்டார்.

பத்து நாள் கழித்து, இரு தரப்பையும் உட்காரவைத்து நடுவர் தீர்ப்பைப் படித்தார். "சொல்லாமல் போனது தவறு. அதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஓர் எச்சரிக்கை போதும். ஒன்பது வருஷத்தில் அவர்மீது வேறு புகாரே இல்லை. முடிவை எழுதி வைத்துக்கொண்டு விளக்கம் கேட்பது விசாரணை ஆகாது. பணிநீக்கம் செல்லாது. இடைப்பட்ட நாட்களும் பணி நாட்களே."

மணிமொழி வாசலுக்கு ஓடிவந்து போன் போட்டாள். "சரோஜா, ஜெயிச்சுட்டோம்டி!" தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் சரோஜா அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

மறுநாள் காலை எப்போதும்போல் பின்வாசலைத் தேடாமல், வரவேற்பறை வழியாகவே நுழைந்தாள். மூன்று மாடிப் பெண்களும் துடைப்பத்தோடு இறங்கிவந்து கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

மணிமொழி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"போதும்டி, போதும். எந்த ரூம் பாக்கி?"