செவலை நாய்

அன்று மதியம் வீட்டில் இருந்தது நான்கு பேர். கட்டிலில் அண்ணன் முத்தரசு, வலது முழங்காலுக்குக் கீழே சதைக்கு வெளியே நீட்டிய நான்கு கம்பிகளோடு. அவன் காலடியில் அண்ணி ரேணுகா. பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் தாய்மாமன் சேவுகப்பெருமாள், அண்ணிக்குச் சித்தப்பா முறை. சுவரோரம் நான்.

நாலு மாதத்துக்கு முன்னால் மானகிரி விலக்கில் மாமா ஓட்டிவந்த கார் எங்கள் பைக்கை இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஊரில் காப்புக் கட்டி மூன்றாம் நாள் அது. காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதில்லை. மாமா கையில் மஞ்சள் காப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், எப்படி நடந்தது என்று கேட்டபோது அந்தக் கை என் தோளைத் தொட்டது. நாய் குறுக்கே வந்தது, தானாக விழுந்துவிட்டோம் என்றேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டது நான்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். பிரேக் மிதிக்கும் கால் அது. பள்ளிக்கூடத்தில் வேறு டிரைவர் வைத்துவிட்டார்கள். கம்பித் துளைகளில் சீழ் நிற்கவில்லை, இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும். இழப்பீடு கேட்பது அண்ணனின் உரிமைதான் என்றார் காரைக்குடி வக்கீல் மீனலோசனி. ஆனால் அதற்கு இடித்த கார் ஒன்று வேண்டும், காகிதத்தில் இருப்பது நாய் மட்டும். தாமதமானாலும் புகார் கொடுக்கலாம், இடித்தவரோ பார்த்தவரோ உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த நாலு மாதத்தில் அந்த நாய்க்கு நிறம்கூட வந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் செவலை என்று சொல்லியிருக்கிறேன்.

"திருவிழா முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு சித்தப்பா," என்றாள் அண்ணி. "இப்பவாச்சும் வந்து சொல்லுங்க. குடுக்கப்போறது இன்சூரன்ஸ்காரன்தான."

மாமா சட்டைப் பித்தானைத் திருகினார். "இன்சூரன்ஸ் இல்ல ஆத்தா. அன்னைக்கே முடிஞ்சு பதினோரு நாளாயிருந்துச்சு. கோயில் வேலையில மறந்துபோச்சு."

"அப்ப காப்புக்காக இல்ல." அன்று அண்ணன் பேசியது அவ்வளவுதான்.

"காப்பும்தான்டா." மாமா என் பக்கம் திரும்பினார். "கேஸுன்னு போனா என் ரெண்டு குறுக்கம் நெலமும் போயிரும் மாப்ள. நீ இப்ப மாத்திச் சொன்னா, அன்னைக்கு ஏன்டா பொய் சொன்னேன்னு மொதல்ல ஒன்னயத்தான் ஸ்டேஷன்ல உக்கார வைப்பாக. பாத்துக்க."

"அப்ப நாய் மேல கேஸ் குடுக்கட்டுமா சித்தப்பா? எந்த ஊரு நாயின்னு கேப்பாக, சொல்லிட்டுப் போங்க."

மாமா டம்ளரில் மிச்சமிருந்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்திருந்த புகாரை அண்ணி என்னிடம் நீட்டினாள். என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நாளைக்குக் காலைல போறேன் அண்ணி. இப்ப அங்குட்டு எஸ்.ஐ. இருக்க மாட்டாரு."

"வர்ற வரைக்கும் உக்காந்திருங்க தம்பி."

வேண்டாம் விடு என்று அண்ணன் சொல்லிவிடுவான் என்று அவனைப் பார்த்தேன். கண்களை மூடியிருந்தான். தூங்கவில்லை. விரல்கள் போர்வை விளிம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடினேன். ஒற்றைக் காலில் மாட்டுவதற்குள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.