சூசன் எழுதியவை

தாதி வேலைக்காக டப்ளினுக்குப் புறப்படும் முன், சூசன் தன் அக்கா சாந்தமேரியைப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த சைபர் கஃபேக்கு அழைத்துப்போய் ஈமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தாள். அது 1997. வெளிநாட்டுக்குப் போன் போட்டால் பில் எகிறும், இதற்குக் காசே இல்லை, எந்த ஊரில் உட்கார்ந்தும் படிக்கலாம் என்றாள். திரையில் நீளமாக ஓடிய நிபந்தனைகளை இருவருமே படிக்கவில்லை.

சாந்தமேரி துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிள்ளானில் கன்னையாவின் சைபர் கஃபேக்குப் போவாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பாள் சூசன். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடும். எழுதும்போது அவள் வேறு ஆளாக இருந்தாள். சாகக் கிடக்கும் கிழவிகளின் கையைப் பிடித்தபடி தமிழில் ஜெபம் சொல்வதை எழுதினாள். நெத்திலி சம்பலுக்கு ஏங்கி அழுததை எழுதினாள்.

பண்டமாரானில் இருந்த வீட்டில் அம்மா மார்க்கிரட் காத்திருப்பார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. படித்ததைச் சாந்தமேரி வாயால் சொல்வாள். அழுகை வரும் இடங்களை விட்டுவிடுவாள்.

அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, வேலைக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கிவந்த கார் சூசன்மேல் மோதியது. செய்தி போனில்தான் வந்தது. சவப்பெட்டி வந்து சேர்ந்து, கிள்ளானில் அடக்கம் முடிந்தது.

அதன்பின் சாந்தமேரி கன்னையாவின் கடைப் பக்கமே போகவில்லை. அந்த வாரமும் சூசன் எழுதியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டால் தங்கை பேச இனி எதுவும் மிச்சமில்லை. படிக்காமல் இருக்கும் வரை ஏதோ மிச்சமிருந்தது.

ஈஸ்டர் கழிந்து ஒருநாள் அம்மா கேட்டார். "சூசன் எழுதினதெல்லாம் இன்னொரு வாட்டி எனக்குச் சொல்றியா?"

எல்லாவற்றையும் அச்செடுத்து வந்துவிடுவது என்று சாந்தமேரி கிளம்பினாள். கன்னையாவின் கடையில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். கணக்கு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதும் இல்லை. கன்னையாவைக் கூப்பிட்டாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "ரொம்ப நாளா தொறக்கலயா அக்கா? கொஞ்ச மாசம் ஆள் வரலன்னா ஈமெயில் கம்பெனிக்காரங்க உள்ள இருக்கிறத அழிச்சிடுவாங்க. ஃப்ரீ தானே லா."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"கேட்டுப் பாருங்க" என்றார். அவருக்கு நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் உதவியோடு அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. தங்கள் சேவையைப் பயன்படுத்துவதற்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பிய பதில். அனுப்பியவற்றின் நகல் சூசனின் கணக்கிலாவது இருக்கும் என்று, டப்ளினில் அவளோடு தங்கியிருந்த பெண்ணுக்குப் போன் போட்டாள். சூசனின் பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியாது.

அம்மா சமையலறையில் இருந்தார். சாந்தமேரி நடந்ததைச் சொன்னாள். அம்மாவுக்கு அது சரியாக விளங்கவில்லை. யாரும் திருடாமல், எதுவும் எரியாமல், எழுதியது எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டார். பிறகு, "கடைசியா என்ன எழுதியிருந்தா?" என்றார்.

"தெரியலம்மா. நான் தொறக்கவே இல்ல."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஞாபகம் இருக்கிறதச் சொல்லு."

அம்மாவிடம் அதுவரை சொல்லாமல் விட்டவற்றைச் சாந்தமேரி முதலில் சொன்னாள். ஜெபம், சம்பல், அழுகை எல்லாவற்றையும்.

"இதெல்லாம் ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க அழுவீங்கன்னு."

"இப்ப அழாமலா இருக்கேன்?"

சாந்தமேரி தொடர்ந்து சொன்னாள். பாதியில், சொல்வது சூசன் எழுதியதா, தானே நினைத்துக்கொண்டதா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போனது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் நிறுத்தவில்லை.