நீல அட்டைப் புத்தகம்

வாங்க, கிட்ட வந்து உட்காருங்க. ஃபேன் சத்தத்தில் என் குரல் எட்டாது, இன்னும் கொஞ்சம் நகர்ந்து வாங்க கண்ணுகளா. இன்றைக்குப் பறக்கிற மனுஷன் ஒருத்தன் கதை சொல்கிறேன். அவன் பெயர் கேசவன். எண்பத்தொன்பதாம் வருஷம், அஸ்தினாபுரத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் பிள்ளை. கதை முடியும்போது அவன் இருக்க மாட்டான். முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவனைக் காப்பாற்ற ஏழு மாசம் இருந்தது. அந்த ஏழு மாசமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுடையது பழைய ஊர்க் குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிப் போக, கிணறும் பம்பு ஷெட்டும் வைத்த பெரிய வீடு ஒன்று மிஞ்சியது. அதன் பின்பக்கம் ஒற்றை அறையில் நானும் என் தையல் மெஷினும். பகலில் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் கையுறை தைப்பேன். சாயங்காலம் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கதை சொல்வேன். கதை ஓடுகிற வரைக்கும் பெண்கள் சண்டை போட மாட்டார்கள், அதற்காக ஆரம்பித்த பழக்கம். படிப்பு ஐந்தாவதோடு சரி.

கேசவன் குரோம்பேட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தான். வயது இருபத்துநாலு. அவனுக்கு இரண்டு சிநேகிதர்கள். தோத்தாத்ரி தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவன். எதையும் எழுதி, அடிக்கோடு போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கோபு நீலாங்கரைக் குப்பத்துப் பிள்ளை. இங்கே மீன் விற்ற அத்தை வீட்டில் தங்கி இவர்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், பிறகு கப்பல் வேலைக்குப் போய்விட்டான்.

அந்த வருஷம் சித்திரையில் கோபு ஊருக்கு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து இரண்டு தடிப் புத்தகம் கொண்டுவந்தான். ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று நீல அட்டை. இரண்டிலும் முகமூடி போட்டவர்கள் வானத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். அது ஒரு விளையாட்டாம். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாகி, "நான் இப்போ இதைச் செய்யறேன்" என்று சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பேருக்குமே ஹீரோ ஆக ஆசை. கதை நடத்த ஆளில்லை. கேசவன் குழாயடிக்கே வந்து கூப்பிட்டான்.

"தனம் அக்கா, இந்தக் குடத்துக்குச் சொல்ற கதையை எங்களுக்கு வந்து சொல்லுங்களேன்."

அதற்கு முன்னால் மொட்டை மாடியில் கூடுவார்கள். அன்றைக்குக் கேசவன் பம்பு ஷெட்டில் பாய் விரித்திருந்தான்.

"இன்னா மச்சான், மாடிக்கு லிஃப்ட் வெச்சாத்தான் ஏறுவியா?" என்றான் கோபு.

"மேல வெயில்டா."

"கப்பல்ல இஞ்சின் ரூம்ல வந்து நின்னு பாரு, வெயிலு இன்னான்னு தெரியும்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு புத்தகத்தை மட்டும் தமிழில் எழுதித் தருவதாகத் தோத்தாத்ரி ஒத்துக்கொண்டான். "ஒண்ணுதான். ரெண்டும் எழுதினா என் கை தபால் முத்திரை குத்தக்கூட ஆகாது." ஆக எந்தப் புத்தகம் என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.

சிவப்புப் புத்தகத்தில் உன் ஹீரோவுக்கு என்ன சக்தி என்பதைப் பகடை சொல்லும். நெருப்பு விழுந்தால் நெருப்பு, பாம்பு விழுந்தால் பாம்பு. நீலப் புத்தகத்தில் நூறு புள்ளி கொடுத்துவிடுவார்கள், கடையில் சாமான் வாங்குவதுபோல வேண்டிய சக்தியை வாங்கிக்கொள்ளலாம். புள்ளி போதாவிட்டால் உன் ஹீரோவுக்கு ஒரு குறையை நீயே எழுதிக்கொள்ளலாம். அந்தக் குறைக்குப் பதிலாக மேலே புள்ளி கிடைக்கும். எவ்வளவு என்பது கதை நடத்துகிறவர் சொல்வது.

"செவப்புதான் மச்சான் ஷோக்கு," என்றான் கோபு. "உருட்டினோமா, வந்தத வெச்சிகினு அடிச்சமான்னு இருக்கணும்."

தோத்தாத்ரியும் சிவப்புதான் என்றான். அதில் பக்கம் குறைவு. "வேணும்னா பூ கட்டிப் போட்டுப் பார்த்துடலாமே," என்றான். அம்மன் படத்துக்கு முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பது. கல்யாணத்திலிருந்து கிணறு தோண்டுவதுவரை எங்கள் பக்கம் அப்படித்தான் முடிவெடுப்போம்.

"வேண்டாம்," என்றான் கேசவன். அவன் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "பகடை, பூ, எல்லாம் வெளியில இருக்கறதே போதும்டா. இங்கயாவது எனக்கு என்ன வேணும்னு நான் எழுதறேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குறை எழுதுகிற பக்கம் பிடித்துப்போயிற்று. குறையில்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை சொல்வது? குழாயடியில் ஒரு பெண்ணும் கேட்க மாட்டாள். நீலம் என்றேன். கேசவன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது புத்தகத்துக்கான சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

மறு ஞாயிறு ஆளுக்கொரு தாள் எழுதினார்கள். கோபுவின் ஹீரோ சுறா. ஒரு மணி நேரம் உடம்பு நனையாவிட்டால் பலம் போய்விடும். தோத்தாத்ரியின் ஹீரோ கண் சிமிட்டுவதற்குள் எந்த விலாசத்துக்கும் போய்ச் சேருகிறவன். குறை, நாயைக் கண்டால் கால் ஓடாது. "இது குறையாடா? இது உன் பயோடேட்டா," என்று கோபு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பத்துப் புள்ளி போட்டேன்.

கேசவனின் ஹீரோ பருந்து. மற்ற சக்தியெல்லாம் வாங்கியதில் நூறும் தீர்ந்துபோயிற்று, தென்னைமர உயரம் பறக்க மேலே ஐந்து புள்ளி வேண்டும். திரிசூலம் மலையைத் தாண்டிப் பறக்கப் பதினைந்து வேண்டும். அவன் மலையைக் குறிவைத்திருந்தான். புத்தகத்தில் ரகசியக் குறை என்று ஒன்று உண்டு. அதைக் கதை நடத்துகிறவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், கேட்டவரும் வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. மற்ற இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனதும் அவன் என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள ஒரு கதவு. அது சரியா மூடாது. போன ரத்தம் திரும்பி வந்துடும். படி ஏறினா மூச்சு வாங்கும். படுத்தா தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி இருக்கும். மூணு தலகாணி வெச்சு உட்கார்ந்தபடியேதான் தூங்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பறக்கறவனுக்குப் படி எதுக்குப்பா? இது கதையில எங்க வரப்போகுது? அஞ்சு புள்ளி."

"பதினஞ்சு, அக்கா."

"கத்திரிக்காயா வாங்கறோம், பேரம் பேச? நாய் தெருவுக்குத் தெரு வரும், அதுக்கே பத்துதான். உன்னுது வெளியிலயே தெரியாது."

"வெளியில தெரியாததுதான் அக்கா கஷ்டம்."

"அஞ்சுதான். நடத்தறவ சொன்னா சொன்னதுதான்னு உன் புத்தகத்துலயே போட்டிருக்காமே."

"சரிக்கா, அஞ்சே போடுங்க," என்றான். தாளில், குறை யாருக்குத் தெரியும் என்று ஒரு இடம் உண்டு. அதில் டைப் அடித்த மாதிரி குண்டு குண்டாக எழுதினான். 'தனம் அக்காவுக்கு மட்டும்.'

கோபு கப்பலுக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேரும் விடாமல் விளையாடினோம். எழுதின குறை கதையில் வந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் வாராவாரம் பருந்துக்கு நான் ஒரு படிக்கட்டு வைத்தேன். லைட் ஹவுஸ் படி, தண்ணீர்த் தொட்டி ஏணி, மலைக்கோயில் படி. றெக்கையைக் கட்டிப்போட்டு நடந்து ஏற வைப்பேன். ரகசியம் வெளியே தெரியாமலிருக்க அந்த நேரம் தோத்தாத்ரியைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவேன். "இப்போ எப்படி இருக்கு, சொல்லு," என்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எத்தனையாவது படியில் நெஞ்சு அடிக்கும், எங்கே நின்றால் அடங்கும், விரல் நுனி எப்படி ஜில்லிடும் என்று. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. "நல்லா கற்பனை பண்றேப்பா," என்று பாராட்டுவேன். அவன், "எல்லாம் நீங்க கத்துக்கொடுத்ததுதான்க்கா," என்பான்.

ஆவணியில் ஒருநாள் அவன் செருப்பு வாரை அறுத்து, தளர்த்தித் தைத்திருந்தான். கால் வீங்கியிருந்தது. நின்றபடி பாடம் நடத்துகிறவன், வீங்காதா என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம், "பருந்துக்குக் கால் வீங்கியிருக்கு," என்றான். தன் காலைப் பார்த்துக் கதைக்கு எடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். நானும் அப்படித்தானே கதை கட்டுகிறேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் அவன் அம்மா பொன்னியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். "தனம், உன் வூட்ல தலகாணி எதுனா அதிகமா கீதா? மூணு பத்தலயாம் இவனுக்கு. கழுத்து வலின்றான்."

அவன் சொன்ன மூன்று தலையணை ஒரு நொடி ஞாபகம் வந்தது. பிறகு சிரித்துக்கொண்டேன். விளையாட்டுக்காகப் படுத்துப் பார்க்கிறான் பாரு, பொல்லாதவன். ரகசியக் குறையாயிற்றே, நான் வாய் திறக்கலாமா? உள்ளே போய் என் தலையணையை எடுத்து, உறை மாற்றி, அந்தத் தாயின் கையில் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை, மழை விட்டிருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் இருந்தது. கேசவன் பாதிப் படியில் உட்கார்ந்தான். பாடத்துக்கு வந்த பெண்கள், சார் செருப்பைச் சரிசெய்கிறார் என்று ஒதுங்கி ஏறிப் போனார்கள். கீழ்க்கடைக்காரர் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவன் பெட்டியில் டாக்டர் சீட்டு கிடைத்தது. தோத்தாத்ரிதான் படித்துச் சொன்னான். இருதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, மூன்று மாசத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். தேதி சித்திரை மாசம். நாங்கள் புத்தகம் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கு நாலு நாள் முன்னால்.

அவன் ஏன் சொல்லவில்லை என்பது எங்களுக்கு உடனே புரிந்தது. தங்கை காமுவுக்கு அப்போதுதான் மேடவாக்கத்தில் சம்பந்தம் பேசி, தை மாசம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் பல்லாவரத்தில் வந்த வரன், பெண்ணின் அத்தைக்கு ஆஸ்துமா என்று கேள்விப்பட்டு நின்றுபோனது. அண்ணனுக்கு நெஞ்சில் நோய் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? தை முடியட்டும் என்று அவன் தள்ளிப்போட்டிருக்கிறான்.

மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள் துக்கத்துக்கு வந்து, பொன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வண்டி வெச்சி இட்டுகினு போயிருப்போமே. எம்மா, எங்கள இன்னான்னு நெனச்சிச்சு அந்தப் புள்ள?" காமுவை அவர்கள் விடவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து கட்டிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த அன்றைக்குப் பொன்னியம்மாள் என்னிடம் கேட்டாள். "ஞாயித்துக்கெழம பூரா உன்னாண்டதான இருப்பான். உன்னாண்டயாவது சொன்னானா தனம்?"

"இல்லம்மா," என்றேன்.

அவள் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. அந்தப் பொய்யை அவளிடம் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

தை பிறந்து கோபு வந்தான். கடலில் அவனுக்குச் சேதி எட்டவில்லை. கேசவனுக்கென்று கண்ணாடி மாதிரி மின்னுகிற நீலப் பகடை இரண்டு வாங்கி வந்திருந்தான். பம்பு ஷெட் வாசலில் அவனுக்கு விஷயத்தைச் சொன்னோம். பகடையை மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பிறகு, "அவன் தாள எடு," என்றான்.

எடுத்தேன். அந்த ரகசிய வரியை அவனும் தோத்தாத்ரியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஒருத்தனும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தோத்தாத்ரி தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நாய்க்குப் பத்து போட்டீங்களே," என்றான். கோபமில்லை, சும்மா சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

கோபு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்தான். "நடத்தறது நீதான்க்கா. மாத்து."

நான் ஐந்தை அடித்தேன். பக்கத்தில் பதினைந்து என்று எழுதினேன். என் எழுத்து கோணல் எழுத்து, அன்றைக்கு இன்னும் கோணிற்று.

"அப்போ தாண்டிடுவானா?" என்று கேட்டேன்.

கோபு திரிசூலம் மலை இருக்கிற திசையைப் பார்த்தான். ஏரோப்ளேன் ஒன்று அதன் மேலே சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. "பதினஞ்சு இருந்தா தாண்டிடுவான்க்கா," என்றான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. பொழுதாயிற்று, எழுந்து வீட்டுக்குப் போங்க. உங்கள் வீட்டில் எல்லாரும் ஒற்றைத் தலையணையில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கட்டும். உங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறி இறங்கட்டும். யாராவது சிரித்துக்கொண்டே ஒரு வலியைச் சொன்னால், பேரம் பேசாமல் கேட்கிற ஒரு ஆள் உங்கள் வாசலுக்குள் எப்போதும் இருக்கட்டும். நல்லா இருங்க.