எண்ணூறு பேர் கேட்ட பாட்டு

கேப்டன் ஷிரேயைக் கழிப்பறையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, மெஷின் வந்த பிறகும் லேசான வேலையாக இல்லை. பட்டையை அவர் தொடைக்கு அடியில் விட்டு, கொக்கிகளை மாட்டி, பொத்தானை அழுத்தினால் அது ஆளை அப்படியே தூக்கிவிடும். ஆனால் வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன கனத்த மனிதர், அந்தரத்தில் ஆடும்போது பயந்துபோவார். ஒருகாலத்தில் சோமாலியாவின் விமானங்களை ரோமுக்கும் கெய்ரோவுக்கும் ஓட்டியவர். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் சாஃபியின் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இறக்கு, இறக்கு. யாரு ஓட்டுறது இதை?"

"நான்தான் கேப்டன். ஆடாம இருங்க, வந்துட்டோம்."

"லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

"உங்ககிட்டதான் வாங்கணும்."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஜூபா நதியில் அணை கட்ட வரைபடம் போட்டவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம், நாற்பது வயதிலேயே நீதிபதியானவர். கதவருகே, பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் கணக்குப் புத்தகம் எழுதிய அம்மாள். பர்மிங்ஹாமில், பழைய கம்பளக் கடையை இடித்துக் கட்டிய அந்த முதியோர் பகல் விடுதியில், ஒரு அரசாங்கமே டயப்பர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் வேனில் வரும், சாயங்காலம் வேனில் போகும். நடுவில் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் சாஃபி மாதிரிப் பெண்களின் வேலை.

கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வர்ஸமே இரண்டு கோப்பை ஏலக்காய் டீயோடு உள்ளே வந்தான். விடுதி அவனுடையது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் யாருக்கும் டீ கொண்டுவந்து சாஃபி பார்த்ததில்லை. வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தாள், குடிக்கவில்லை.

"அக்கா, அடுத்த மாசம் சாதனையாளர் விழா. நம்ம விடுதிக்கு விருது குடுக்குறாங்க. எண்ணூறு பேரு வர்றாங்க, மேயர் வர்றாரு. நீங்க ஒரு புராம்புர் பாட்டு கட்டிப் பாடணும்."

"கல்யாணத்துக்குப் பாடுறவ நான். மேயருக்கு என்னத்தப் பாட?"

"இந்த ஊர்ல முன்னாடி நின்னு கட்டிப் பாடுனா, பின்னாடி நூறு பொம்பளைங்க மேளத்தோட எந்திரிக்கிற ஆளு உங்களை விட்டா யாரு இருக்கா? விடுதியைப் பத்தி நாலு அடி. என்னைப் பத்தி ரெண்டு அடி."

சாஃபி பட்டையை மடித்தாள். விழா முடிந்து பதினைந்தாம் நாள், இங்கே அவளோடு வேலை பார்த்த அர்தோ வர்ஸமே மேல் போட்ட வழக்கு. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டீயின் அர்த்தம் அப்போதே பிடிபட்டுவிட்டது.

போன வருஷம் இலையுதிர்காலம் முழுக்கப் பழைய மெஷினின் மோட்டார் செத்துக் கிடந்தது. எத்தனையோ தரம் சொல்லியும் வர்ஸமே 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றே ஓட்டினான். கேப்டனைக் கையால்தான் தூக்கினார்கள். ஒரு நாள் அவர் வழுக்கினார். அர்தோ விடாமல் பிடித்தாள். அவள் வலது தோளில் ஏதோ அறுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம், ஆளைக் கையால் தூக்கக்கூடாது என்ற விதியை மீறியதாகச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினான். மறுவாரமே புது மெஷின் வந்தது. பழையதும் நன்றாகத்தான் ஓடியது என்று இப்போது சாதிக்கிறான். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருத்தி ஊரை விட்டுப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு எதுவும் ஞாபகமில்லையாம். மிச்சம் சாஃபி.

"உன்னைப் பத்தி அரை அடிகூடக் கட்ட மாட்டேன் தம்பி. வேற ஆளைப் பாரு."

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "சரி, என்னை விட்டுருங்க. உங்க பொம்பளைங்க கையைப் பத்திப் பாடுங்க. இவங்களையெல்லாம் தாங்குற கை. அதுக்குமா யோசனை?"

இவ்வளவு சுலபமாக வழிக்கு வருகிறவனில்லை அவன்.

அன்று சாயங்காலம் அர்தோ வீட்டுக்குப் போனாள். லஹோஹ் தோசை மாவை இடது கையால் கலக்கிக்கொண்டிருந்த அர்தோ, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"பாடப் போறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? முதலாளி டீ கொண்டுவந்து குடுத்தா தெரு முழுக்கத் தெரியாதா? அவன் உங்க குலத்து ஆளு."

"ஏழு தலைமுறைக்கு முந்தி ஒரே பாட்டன். அதுக்காக நான் பொய் சொல்லுவேன்னு நினைக்கிறியா?"

"நான் ஒண்ணும் நினைக்கலை. அந்த ஏழு தலைமுறைக் கணக்குப் பார்த்துத்தானே அக்கா நம்ம நாடு இந்தக் கதிக்கு ஆச்சு. அந்தக் கணக்குல எங்கப்பா போனாரு. உங்க அண்ணன் போனாரு. மிச்சம் மீதி இங்க வந்து அடுத்தவன் ஊர்ல டயப்பர் மாத்துறோம்."

சாஃபி அடுப்பை அணைத்தாள். கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. "கேளுடி. நான் உனக்குச் சாட்சின்னு அவனுக்குத் தெரியும். பாட மாட்டேன்னா பகைன்னு சொல்லுவான். பகையில பொய் சொல்றாள்னு அவன் வக்கீல் ஒரே வார்த்தையில என்னைத் தூக்கி எறிஞ்சுடுவான். பாடுறேன். ஆனா அவனுக்கு ஆகுற மாதிரி ஒரு சொல்லு என் வாயிலேருந்து விழாது."

"அதுக்காக மட்டும்தான் பாடுறீங்களா?"

சாஃபி கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். அதற்காக மட்டும் இல்லை. பதினாறு வயதில் மொகதிஷு வானொலிக்குப் பாடத் தேர்வானவள் அவள். ஒலிப்பதிவுக்கு நாள் குறித்த வாரத்தில்தான் நகரத்துக்குள் பீரங்கி வந்தது. அதற்குப் பிறகு முகாம், கப்பல், குளிர், கல்யாண வீடுகள். எண்ணூறு பேர் என்று கேட்டதுமே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆசைதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் போகும்போதும் படுக்கை விரிப்புகளை அலசும்போதும் பாட்டைக் கட்டினாள். கட்டியதைவிடக் களைந்ததுதான் அதிகம். 'கூரை' என்று ஒரு சொல் வந்தது. அது அவன் கூரை, எடுத்துவிட்டாள். 'அடைக்கலம்' வந்தது, அதையும் எடுத்தாள். புராம்புரில் ஒரு சொல்லை வெளியே விட்டால் முடிந்தது. பாடியவள் பெயரோடு அது ஊர் ஊராகப் போகும். அவள் செத்த பிறகும் யாராவது சொல்லிக்காட்டுவார்கள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி வர்ஸமேயைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டாள். கடைசியில் பாட்டில் அவன் வாடைகூட இல்லை.

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. இதய அறுவை செய்யும் டாக்டர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பெண் ஒருத்தி, பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவர் என்று வரிசையாக மேடையேறினார்கள். "உலகத்துக்கெல்லாம் டாக்டரை அனுப்புறோம். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில கட்டுப்போடத் துணி இல்லை" என்றார் அந்த டாக்டர். கைதட்டல் வரவில்லை, பெரியவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாஃபி எழுந்தாள். மேளம் அதிர்ந்தது. பெண்கள் வட்டமாகச் சேர்ந்தார்கள். கிஸ்மாயோ துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்துக் கிடந்த வாழைக்குலைகளைப் பாடினாள். எண்ணெய் இல்லாமல் நின்றுபோன விமானங்களைப் பாடினாள். மை காயுமுன் எரிந்த புத்தகங்களைப் பாடினாள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த கேப்டன் வலது கையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு குரலை உயர்த்திக் கைகளுக்கு வந்தாள்:

"இரும்பின் கையில் எம் மூத்தோரை ஈந்ததில்லை யாம்,
ஈன்ற மகவாய் இந்தக் கைகளே ஏந்தின, இன்றும் ஏந்தும்."

குலவை கிளம்பியது. எண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள். திரும்பிய பக்கமெல்லாம் செல்போன்கள் உயர்ந்திருந்தன. வர்ஸமே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது நடிப்பா நிஜமா என்று சாஃபிக்குத் தெரியவில்லை. பின்சுவரோரம் யார் கண்ணிலும் படாமல் நின்ற அர்தோவும் இடது கையை வாயருகே வைத்துக் குலவையிட்டாள்.

வெளியே, கார்கள் நிற்குமிடத்தில் அர்தோ அவளை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டாள்.

"ஒரு சொல்லுகூட அவனுக்குக் குடுக்கலையே அக்கா. உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுருங்க."

"நானாயிருந்தாலும் பட்டிருப்பேன். போ, போய் படு."

விசாரணை அறை சின்னது. கோர்ட்டு மாதிரியே இல்லை. மேஜை, தண்ணீர்க் குவளைகள், ஒரு நடுவயதுப் பெண் நீதிபதி. மொழிபெயர்க்க வந்தவள் இங்கேயே பிறந்து வளர்ந்த சோமாலிப் பெண். இவள் யார் வீட்டுப் பிள்ளையோ, எந்தப் பக்கமோ என்று சாஃபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெண் சொன்னதைச் சொன்னபடியே மாற்றினாள். மோட்டார் செத்தது, வர்ஸமேயிடம் முறையிட்டது, கேப்டன் வழுக்கியது எல்லாவற்றையும் சாஃபி நிதானமாகச் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டார். அர்தோவின் முகம் தெளிந்தது.

வர்ஸமேயின் வக்கீல் ஒல்லியான இளைஞன், நல்ல மரியாதைக்காரன். எழுந்து, ஒரு வீடியோவைப் போட அனுமதி கேட்டான். அர்தோவின் வக்கீல் பாட்டெல்லாம் சாட்சியாகாது என்று மறுத்தாள். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் நீதிபதி.

மேளச் சத்தம் அந்தச் சின்ன அறையில் காதை அடைத்தது. திரையில் சாஃபி கைகளை உயர்த்தி நின்றாள். மொழிபெயர்ப்பாளர் பெண் அந்த இரண்டு அடிகளையும் மெதுவாக, அழகு கெடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நீதிபதிகூட ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதைக் கட்டினது நீங்கதானே?" வக்கீல் கேட்டதை அந்தப் பெண் சோமாலியில் கேட்டாள்.

"நான்தான்."

"யாராவது சொல்லிக்குடுத்தாங்களா?"

"என் பாட்டுக்கு எவனும் சொல்லிக்குடுக்க முடியாது."

"இரும்புன்னா தூக்குற மெஷின். உங்க பெரியவங்களை மெஷின்ல விட மாட்டோம், கையாலதான் தூக்குவோம்னு பெருமையா பாடுறீங்க. அப்படித்தானே?"

சாஃபிக்கு அப்போதுதான் உறைத்தது. கைகளைப் பற்றிப் பாடு என்று எடுத்துக்கொடுத்தவனே வர்ஸமேதான். அவனைப் பார்த்தாள், அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் ஓடலைம்மா. ஓடாததாலதான் கையால தூக்குனோம். கையால தூக்குனதைத்தான் நான்..."

"பாட்டுல மெஷின் ஓடலைன்னு இருக்கா?"

"பாட்டுல அதையெல்லாமா வைப்பாங்க?"

"பாட்டு உண்மையா, பொய்யா? ஒண்ணு சொல்லுங்க போதும்."

மொழிபெயர்ப்பாளர் பெண் இதைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டிலும் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருந்திருக்க வேண்டும். உண்மை என்றால் அர்தோ தானாகவே விதியை மீறியவள் ஆவாள். சாஃபி அர்தோவைப் பார்த்தாள். அர்தோவின் கண்கள் அசையாமல் அவள் மேலேயே இருந்தன.

"பொய்" என்றாள் சாஃபி. வாழ்நாளில் தன் பாட்டை அவள் அப்படிச் சொன்னதில்லை. "பொய்தான். பெருமைக்குப் பாடுனது."

வக்கீல் தலையசைத்தான். "எண்ணூறு பேர் முன்னாடி, மேயர் முன்னாடி, மனசறிஞ்சு பொய் பாடியிருக்கீங்க. இந்த அறையில நாம ஏழே பேர். இங்க மட்டும் ஏன் உண்மை சொல்லணும்?"

மொழிபெயர்ப்பாளர் பெண் அதையும் சொல்லி முடித்தாள். சாஃபி வாயைத் திறந்தாள். வேறு கேள்விகள் இல்லை என்றான் வக்கீல். தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு நீதிபதி காகிதங்களைச் சேர்த்தார்.

வெளியே மழை. தாழ்வாரத்தில் அர்தோ தன் கனத்த கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இடது கை நுழைந்துவிட்டது. வலது கையை அவளால் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கோட்டு வழுக்கி வழுக்கித் தரையைத் தொட்டது. சாஃபி ஓடிப்போய் கோட்டின் வலது கையைப் பிடித்தாள்.

"விடுங்க அக்கா."

"நில்லுடி, மாட்டிவிடுறேன்."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

அப்போது அந்த ஒல்லி வக்கீல் பையோடு வெளியே வந்தான். நின்றான். பையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை இரண்டு கையாலும் பாங்காக விரித்துப் பிடித்தான். அர்தோ அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்று, தன் வலது கையை மெல்ல மெல்ல அதற்குள் விட்டாள்.